மேடைக் குடும்பமும் ஆர்.வி. வாழ்க்கையும்: செவ்வாய்க்கிழமை என்ன செய்வீர்கள்?

மரக்கால் எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் இருக்கிறோம், நான்கு பேர். நான் பந்து, வளையம் எறிந்து பிடிப்பேன், மரக்கால் கட்டி நடப்பேன். மனைவி வயலின். மகளுக்கு 13 வயது, அக்கார்டியன் வாசிப்பாள். மகனுக்கு 8, ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறினால் இறங்கமாட்டான். இதுவரை வாரக் கடைசியில் மட்டும் நிகழ்ச்சி. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆர்.வி.யிலேயே (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி) குடியிருந்து, ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி செய்யலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, வெளியே நாற்காலி போட்டு, சூரியன் மறைவதைப் பார்க்கும் படங்களை வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. எனக்கு அது வேண்டாம். நிகழ்ச்சி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு என்ன நடக்கும்? எங்கே பயிற்சி செய்வீர்கள், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், சண்டை போட்டால் யார் எங்கே போவது? இப்படி வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடும்வீடு எழுதியது:

செவ்வாய்க்கிழமையைக் கேட்டீர்களே, அதற்காகவே பதில் எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர், ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் பின்தளத்தில் மாட்டி இழுக்கும் பெரிய வீட்டு வண்டி), இழுக்க ஒரு பிக்கப். பெரும்பாலும் மறுமலர்ச்சிக் காலத் திருவிழாக்களில்தான் நிகழ்ச்சி, அதாவது ரினைசான்ஸ் ஃபேர், பழைய ஐரோப்பிய உடை போட்டுக் கொண்டாடும் திருவிழா.

செவ்வாய் காலை முதல் வேலை துணி. கேம்ப்கிரவுண்ட் (வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) வாஷிங் மெஷினுக்கு ஞாயிறு இரவு பெரிய வரிசை நிற்கும். செவ்வாய் காலை ஆள் இருக்காது. மேடை உடைகளை மட்டும் அதில் போட முடியாது. வெல்வெட்டும் கம்பி வைத்துத் தைத்த மேற்சட்டையும் ஒரு சுற்றில் உருக்குலைந்துவிடும். அதற்கு நாடகக்காரர்களிடம் பழைய வழி ஒன்று உண்டு. மலிவான வோட்காவில் தண்ணீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, உடையை உள்புறம் திருப்பி, அக்குள் பக்கம் நன்றாக அடித்து, காற்றில் தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் வியர்வை வாடை போயிருக்கும். எங்கள் ஷவரில் மனிதர்கள் நின்றதைவிட உடைகள் தொங்கியதுதான் அதிகம்.

துணி சுற்றும்போதே பாடம். சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம், மதியம் வரை அதில் வேறு யாரும் எதுவும் வைக்கக்கூடாது. அந்த நேரத்தில் கணவர் பிக்கப்புக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போன் பேசுவார். அடுத்த வருட ஒப்பந்தம், பாதி அட்வான்ஸ் இன்னும் வராத இடம், மேடை அளவு கேட்டு எழுதிய மெயிலுக்குப் பதில் இல்லாத இடம் எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில்தான். இந்தத் தொழிலில் மேடையில் நிற்பது ரொம்பக் கொஞ்ச நேரம்.

மதியத்துக்கு மேல் பயிற்சி. அப்புறம் டேங்க் காலி செய்வது, தண்ணீர் பிடிப்பது, ஏதாவது உடைந்திருந்தால் பழுது பார்ப்பது. ஏதாவது நிச்சயம் உடைந்திருக்கும்.

சனி, ஞாயிறு கதை வேறு. வாசல் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே எழுந்துவிடுவோம், காலையில் யாரும் அதிகம் பேசமாட்டோம், தொண்டையைக் காப்பாற்ற வேண்டுமே. அரை மணி நேர ஆட்டம், ஒரு நாளில் நான்கைந்து முறை. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் காசுக்காகக் கூட்டத்தில் தொப்பி சுற்றும். பல திருவிழாக்களில் ஒரு குறிப்பிட்ட தொகை தந்துவிட்டு மீதியைத் தொப்பியில் பார்த்துக்கொள் என்பார்கள். புதியவர்களுக்குத் தொப்பி மட்டும்தான் என்பதும் உண்டு. இரவில் மேசைமேல் தொப்பியைக் கவிழ்த்து எண்ணுவோம். கசங்கிச் சுருண்ட ஒரு டாலர் நோட்டுகளைச் சின்னவள் மேசை விளிம்பில் வைத்து இழுத்து நேராக்குவாள், பெரியவன் சில்லறையை அடுக்குவான். மழை நாளில் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

மரக்கால் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. இந்த அளவுக்கு யாரும் சொன்னதில்லை. வாரத்துக்கு எத்தனை ஊர் மாறுவீர்கள்?

ஓடும்வீடு எழுதியது:

வாரத்துக்கா? அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வண்டியில் சக்கரம் இருக்கிறது என்பதற்காக அதை உருட்டிக்கொண்டே இருக்காதீர்கள். நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

எங்கள் வருடத்தைச் சொல்கிறேன். பிப்ரவரி, மார்ச் அரிசோனா ரினைசான்ஸ் திருவிழா. ஏப்ரல் தொடங்கி மே கடைசி வரை டெக்சாஸில் வாக்ஸஹாச்சியில் ஸ்கார்பரோ திருவிழா. ஜூனில் நூலகங்கள். கோடை விடுமுறை வாசிப்புத் திட்டத்துக்காக எல்லா ஊர் நூலகங்களும் அந்த மாதம் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஆள் தேடும், வடக்கே போகும் வழியில் செய்துகொண்டே போவோம். ஜூலையிலிருந்து செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரை விஸ்கான்சினில் பிரிஸ்டல் திருவிழா. அக்டோபர், நவம்பர் மறுபடி டெக்சாஸ், டாட் மிஷனில். அது 1974-இலிருந்து நடக்கும் பெரிய திருவிழா. எல்லாமே வாரக் கடைசியில் மட்டும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மாதம்.

கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு இடமாற்றமும் சுமார் ஆயிரம் மைல், ஆனால் வருடம் முழுக்க அப்படிப்பட்ட நீண்ட பயணம் நான்குதான். இரண்டு மாதம் ஒரே இடத்தில் இருந்தால் பல் டாக்டர் கிடைப்பார், நூலக அட்டை கிடைக்கும், பிள்ளைகளுக்கு நண்பர்கள் கிடைப்பார்கள். அதே நண்பர்கள் அடுத்த திருவிழாவிலும் இருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் அப்பா அம்மாவும் இதே சுற்றில்தான் ஓடுகிறார்கள்.

தினம் ஓர் ஊர் என்று பள்ளிக்கூட நிகழ்ச்சிகளை ஒப்புக்கொண்டு ஓடிய குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்து, மட்டம் பார், ஸ்லைடு (வெளியே நீளும் சுவர்ப் பகுதி) திற, ஹோஸ் மாட்டு, ஆடு, எல்லாவற்றையும் மடக்கு, கிளம்பு. அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் பெட்ரோல் நிலையம் மட்டும்தான். இரண்டு வருடத்தில் வண்டியை விற்றுவிடுவார்கள்.

மேடைக்குப்பின் எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் கவுண்ட்டி ஃபேர்களில் (மாவட்ட அளவில் நடக்கும் பொருட்காட்சித் திருவிழாக்களில்) ஒலி பார்ப்பவன். கோடையில் வாரம் ஒரு ஃபேர் என்று ஓடும் குடும்பங்கள் ஆகஸ்டில் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தே எத்தனையாவது வாரம் என்று சொல்லிவிடுவேன்.

ஃபேர்களில் நுழைய நினைத்தால் ஒரு தகவல். அமெரிக்க ஃபேர் அமைப்பாளர்களுக்கு ஐ.ஏ.எஃப்.இ. என்ற சங்கம் இருக்கிறது. வருடக் கடைசியில் அவர்கள் மாநாடு நடக்கும், அடுத்த கோடைக்கு யார் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயும் அதையொட்டி ஜனவரியில் நடக்கும் மாநிலச் சங்கக் கூட்டங்களிலும் முடிவாகிவிடும். ஏப்ரலில் போன் செய்தால் “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்பார்கள்.

வயலினுக்கு வருகிறேன். மேடம் நல்ல வயலினை வண்டியில் வைக்கப் போகிறாரா? அதை ஒட்டியிருப்பது விலங்குப் பசை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இளகட்டும் என்றுதான் அதைப் பயன்படுத்துகிறார்கள், பழுது பார்க்கும்போது பிரித்தெடுக்க வசதி. ஏசி நின்றுபோன டிரெய்லர் மத்தியான வெயிலில் அந்தப் பிரிக்கும் வேலையைத் தானே செய்துவிடும். குளிர்காலத்தில் எதிர்ப்பக்கம்: ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டு மேற்பலகை வெடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்குள் சின்ன மீட்டர் ஒன்றும் ஈரப்பதப் பையும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளி ஆட்டத்துக்குக் கார்பன் ஃபைபர் வயலின் ஒன்று. தொனியைப் பற்றி மேடம் முகம் சுளிப்பார், ஆனால் மழையிலும் வாசிக்கலாம்.

மரக்கால் எழுதியது:

சுளித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள்.

பயிற்சி எங்கே செய்வது? உள்ளே கூரை ஏழடிகூட இல்லை. நான் கையை உயர்த்தினாலே இடிக்கிறது.

ஓடும்வீடு எழுதியது:

உள்ளே செய்ய முடியாது, அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். பந்துக்கும் வளையத்துக்கும் வாகன நிறுத்தம். காற்று அடித்தால் வளையம் வேண்டாம், பந்து மட்டும். மரக்காலுக்கு உயரமான மடக்கு ஏணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பிக்கப்பின் பின்கதவு உயரம் போதாது, வண்டிக் கூரை அதிகம். கேம்ப்கிரவுண்டின் கிராவல் தரையில் மரக்கால் கட்டாதீர்கள்.

வயலினுக்கு ரப்பர் மியூட், சத்தத்தை அடக்க. பக்கத்து வண்டி ஆறேழு அடியில் நிற்கும், ஸ்கேல் பயிற்சியை இரண்டாம் நாள் யாரும் ரசிக்கமாட்டார்கள். தேசியப் பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்று விதியே இருக்கிறது. தனியார் கேம்ப்கிரவுண்ட்களிலும் பெரும்பாலும் அதையொட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கான பேச்சு வசனங்களை ஓடும் வண்டியிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்வோம். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

பத்தாம்கியர் எழுதியது:

நான் ஆர்.வி. பழுது பார்ப்பவன். கலை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மேடைக் குடும்பங்களின் வண்டி எங்கே கெடும் என்று தெரியும்.

முதலில் எடை. கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும், எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று. அதைப் படிக்காமல் யாரும் வண்டி வாங்கக்கூடாது, ஆனால் எல்லோரும் சமையலறையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. ஐம்பது காலன் டேங்கை நிரப்பினால் 415 பவுண்டு போய்விட்டது. மேலே ஸ்பீக்கர், மேடைத் திரை, இரும்புச் சட்டம், உடைப் பெட்டி. அதைவிட மோசம், இவ்வளவையும் டிரெய்லரின் பின்பக்கம் ஏற்றுவது, இறக்கச் சுலபம் என்று. சாதாரண டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் கொக்கியில் உட்கார வேண்டும். பின்னால் ஏற்றினால் முன்பக்கம் லேசாகி, 60 மைல் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் நிறுத்துவது கஷ்டம். ட்ரக் ஸ்டாப் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், காபிக்கு நிற்கிற நேரம்தான்.

இரண்டாவது மின்சாரம். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட், அவ்வளவுதான். கூரை ஏசி சுமார் 1,500. மனைவி தலைமுடி காயவைக்கும் கருவி இன்னொரு 1,500. மகள் மைக்ரோவேவைத் திருகினால் பிரேக்கர் விழுந்துவிடும். நிகழ்ச்சிக்கு அரை மணி இருக்கும்போது இது நடக்கும், வேறு நேரத்தில் நடக்காது. 50 ஆம்ப் என்றால் இரண்டு கம்பியில் தலா 50, மொத்தம் 12,000 வாட். ஃபேர் மைதானங்களில் வயரிங் பழையது. எல்லா வண்டியும் ஏசி போட்டதும் 120 வரவேண்டிய வோல்டேஜ் 105-க்கு இறங்கும், கம்ப்ரசர் சூடாகிக் கருகும். குறைந்த வோல்டேஜில் தானே துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டி ஒன்று வாங்கி மாட்டுங்கள். வோல்டேஜ் திடீரென ஏறினால் மட்டும் காக்கும் சாதாரண சர்ஜ் புரொடக்டர் இதைச் செய்யாது.

லித்தியம் பேட்டரி போட்டிருந்தால், உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது. பயன்படுத்தலாம், சார்ஜ்தான் கூடாது. நல்ல பேட்டரியில் தானே தடுக்கும் வசதி இருக்கும்.

கடைசியாக, சொல்ல நாறும் விஷயம். தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் என்று முழு இணைப்பு இருக்கிற இடத்தில் கழிவறை டேங்க் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் ஓடிப்போகும், மற்றது தங்கிக் கூம்பாக உறைந்துவிடும். மூடி வைத்து, நிறைந்த பிறகு மொத்தமாகத் திறக்க வேண்டும். அப்புறம் குளித்த தண்ணீர் டேங்கைத் திறந்தால் அது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசை மாறக்கூடாது.

சந்தேகம் எழுதியது:

எல்லாம் சரி. எட்டு வயதுப் பையன் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நான்கு ஆட்டம் ஆடித் தொப்பி நீட்டுவதற்குப் பெயர் என்ன? அழகான பெயர் வைத்துவிட்டால் குழந்தைத் தொழில் இல்லை என்று ஆகிவிடுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

நியாயமான கேள்வி, சட்டப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். மத்தியச் சட்டத்தில் திரைப்படம், நாடகம், வானொலி, தொலைக்காட்சியில் நடிக்கும் குழந்தைகளுக்குக் குழந்தைத் தொழில் விதிகளிலிருந்து விலக்கு உண்டு. பெற்றோரே முழுக்க நடத்தும் தொழிலில் சொந்தப் பிள்ளை ஆபத்தில்லாத வேலை செய்வதற்கும் விலக்கு உண்டு. ஆனால் மாநிலங்கள் தனித்தனியாக விதி வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் குழந்தைக் கலைஞருக்கு அனுமதி அட்டை வேண்டும், சம்பளத்தில் 15 சதவீதம் குழந்தை பெயரில், வளரும்வரை எடுக்க முடியாத முடக்கக் கணக்கில் போட வேண்டும். கூகன் சட்டம் என்பார்கள். ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரம் வளர்ந்து பார்த்தபோது சம்பாதித்ததில் பெரும்பகுதி பெற்றோர் கையில் கரைந்திருந்தது. அவர் வழக்குக்குப் பிறகு 1939-இல் அந்தச் சட்டம் வந்தது. நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அந்த 15 சதவீதத்தைச் சட்டம் சொல்லாமலே போட்டுவிடுங்கள் என்பது என் யோசனை.

வரிக்கும் வருகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஆர்.வி.யில் முழுநேரம் வாழ்பவர்கள் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் முகவரி மாநிலமாக வைத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. அதனால் வரியே இல்லை என்று நினைத்துக்கொண்டு சிலர் சுற்றுகிறார்கள். ஆடிய மாநிலம் வரி கேட்கும். கலிஃபோர்னியாவில் வெளி மாநிலக் கலைஞருக்கு வருடத்தில் 1,500 டாலருக்கு மேல் தந்தால் 7 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

இன்னொன்றுதான் எல்லோருக்கும் அதிர்ச்சி. நிலையான வீடும் இல்லை, நிலையான தொழில் இடமும் இல்லை என்றால், வருமான வரித்துறை உங்களை நாடோடித் தொழிலாளி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். போகிற இடமெல்லாம் உங்கள் வீடு, ஆகவே நீங்கள் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை, ஆகவே பயணத்தில் சாப்பாடு, தங்கும் செலவு எதையும் கழிக்க முடியாது! ஆயிரம் மைல் ஓட்டிவந்தவரிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இதனாலேயே சிலர் எங்காவது உண்மையான ஒரு வீட்டைச் செலவு செய்து வைத்துக்கொள்கிறார்கள். வண்டி வாங்கும் முன் ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சந்தேகம் எழுதியது:

சட்டம் விலக்கு தருகிறது என்பது என் கேள்விக்குப் பதில் இல்லை.

பின்சீட்டு எழுதியது:

இல்லைதான். நான் அப்படி வளர்ந்தவள், அதனால் எழுதுகிறேன். அப்பா, அம்மா, அண்ணன், நான். இசை, கொஞ்சம் நகைச்சுவை. இப்போது எனக்கு வீடு இருக்கிறது, அசையாத வீடு.

ஆடுவது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை, நேர்மையாகச் சொல்கிறேன். ஒன்பது வயதில் இருநூறு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு இறங்குவது போன்ற சந்தோஷம் எனக்கு அப்புறம் எங்கேயும் கிடைக்கவில்லை. கஷ்டம் வேறு. எனக்குக் கதவு இல்லை. அடுக்குக் கட்டிலில் மேல் படுக்கை, ஒரு திரை. திரையை இழுத்து மூடினால் யாரும் கூப்பிடக்கூடாது என்று வீட்டில் விதி இருந்தது, அந்த விதிதான் என்னைக் காப்பாற்றியது. இருபத்தெட்டு அடி நீளத்தில் நான்கு பேர். அண்ணனோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாளிலும் நாற்பது நிமிடத்தில் அவன் தோளில் ஏறி நின்று கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டும். அவன் கை என் கணுக்காலைப் பிடித்திருக்கும். அந்தக் கையை நம்பாவிட்டால் விழுவேன், ஆனால் அவனோடு பேசமாட்டேன்.

அம்மா ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். ஆட்டத்தில் யார் என்ன தப்பு செய்தாலும் அன்று அதைப் பற்றிப் பேச்சு எடுக்கக்கூடாது, மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்த பிறகுதான். அப்பாவுக்கு அது பெரிய தண்டனை. ஆனால் இரவில் நாங்கள் அவருக்குப் பிள்ளைகளாக இருந்தோம்.

பதினைந்து வயதில் ஆடமாட்டேன் என்று சொன்னேன். அவர்களுக்குப் பெரிய அடி, நான் இல்லாவிட்டால் பாதி நிகழ்ச்சி நடக்காது. இரண்டு நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அப்பா நிகழ்ச்சியை மாற்றி எழுதினார், நான் ஒலிப்பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சந்தேகம் அவர்களே, நீங்கள் கேட்டதற்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிள்ளை இல்லாமல் நடக்கக்கூடிய நிகழ்ச்சி ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத குடும்பத்தில் பிள்ளைக்கு “வேண்டாம்” என்று சொல்ல வழியே இல்லை, சாப்பாடு அவன் தலையில் நிற்கிறது.

சந்தேகம் எழுதியது:

இதை ஏற்றுக்கொள்கிறேன்.

மரக்கால் எழுதியது:

பின்சீட்டு, உங்கள் பதிலை மகளும் படித்தாள். “எனக்குத் திரை போதாது” என்று மட்டும் சொன்னாள். அவளுக்குக் கதவுள்ள அறை இருக்கும் டிரெய்லர்தான் இனி தேட வேண்டும்.

பள்ளிக்கூடம் பற்றி யாராவது?

ஓடும்வீடு எழுதியது:

வீட்டுக் கல்வி விதி பொதுவாக உங்கள் முகவரி மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் யாருக்கும் தெரிவிக்கக்கூட வேண்டாம். நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை, பென்சில்வேனியாவில் வருடக் கடைசியில் தொகுப்பு காட்டி மதிப்பீடு. அதனால் முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது வரியை மட்டும் பார்க்காதீர்கள்.

பாடம் நடப்பது பெரிய விஷயம் இல்லை, இணையம்தான் தலைவலி. திருவிழா மைதானத்தில் வாரக் கடைசியில் செல்போன் கோபுரம் திணறும். நேரலை வகுப்புகளை வார நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம்கியர் எழுதியது:

வழி பற்றி யாரும் பேசவில்லையே. போனில் இருக்கும் சாதாரண வரைபடத்தை நம்பாதீர்கள், அது உங்களைக் கார் என்று நினைக்கும். ஃபிஃப்த் வீல் உயரம் 13 அடியைத் தாண்டும், கூரை ஏசியையும் சேர்த்து அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நியூயார்க்கின் பழைய பார்க்வே சாலைகளில் பாலங்கள் தாழ்வு, டிரெய்லரே கூடாது. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று ட்ரக் கூரைகளைச் சீவித் தள்ளியே பிரபலமானது. 2019-இல் உயர்த்தினார்கள், 12 அடி 4 அங்குலம் ஆயிற்று. இப்போதும் சீவுகிறது.

சமையல் வாயு சிலிண்டர் இருந்தால் சில சுரங்கப்பாதைகளில் விடமாட்டார்கள். பால்டிமோர் துறைமுகச் சுரங்கங்கள் இரண்டிலும் அப்படித்தான். முன்பு ஃப்ரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவோம். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்த பிறகு ஊரைச் சுற்றும் 695 நெடுஞ்சாலையில் மேற்குப் பக்கம் சுற்ற வேண்டியதுதான். நிகழ்ச்சி நேரத்தைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குப்பின் எழுதியது:

காப்பீடு பற்றி ஒரு வரி. ஆர்.வி. பாலிசி உள்ளே இருக்கும் தொழில் கருவிகளுக்குப் பெரும்பாலும் இழப்பீடு தராது, முழுநேரம் குடியிருக்கிறீர்கள் என்று சொல்லாமல் எடுத்திருந்தால் அதுவும் வம்பு. கருவிகளுக்குத் தனி, மேடைக்குப் பொறுப்புக் காப்பீடு தனி. கூட்டத்தில் தீப்பந்தம் எறிகிறவருக்கு அது இல்லாமல் எந்த ஃபேரும் கையெழுத்துப் போடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் கணக்கு வந்து, தொழிலுக்காக மாநிலம் விட்டு மாநிலம் போனால், மத்தியப் போக்குவரத்து விதிகளும் வரலாம், போக்குவரத்துத் துறையில் பதிவு செய்து வாங்கும் யூ.எஸ்.டாட் எண் உட்பட. உல்லாசப் பயணம் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. மேடைச் சாமான் ஏற்றிச் சம்பாதிக்கப் போகிறவர் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பின்சீட்டு எழுதியது:

இதற்கு நடுவில் ஒரு விஷயம், சும்மா. இந்த வாழ்க்கை புதிதில்லை. ஆஸ்திரியாவிலிருந்து வந்த டிராப் குடும்பம் 1940-களில் பேருந்தில் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பாடியது, வெர்மாண்டில் ஸ்டோவில் நிலம் வாங்கிய பிறகும் சுற்றியது. ஃப்ளோரிடாவில் கிப்சன்டன் என்று ஓர் ஊர், சர்க்கஸ், கார்னிவல்காரர்கள் குளிர்காலத்தில் தங்கும் ஊர். வீட்டு முன்புறத்தில் ராட்டினத்தையும் யானையையும் வைத்துக்கொள்ள மண்டல விதியே இடம் கொடுத்தது. வருடத்தில் சில மாதமாவது ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மரக்கால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று இரவாக இதையே பேசுகிறோம். முடிவு இதுதான்: வாடகை வீட்டை இப்போதைக்கு விடவில்லை. அடுத்த கோடையில் ஒரே ஒரு நீண்ட திருவிழாவுக்கு விண்ணப்பிக்கிறோம், டிரெய்லரை வாடகைக்கு எடுத்து அங்கேயே இரண்டு மாதம் இருந்து பார்க்கிறோம். நானும் மனைவியும் மட்டும் ஆடக்கூடிய அரை மணி நேர ஆட்டம் ஒன்றை முதலில் தயார் செய்கிறோம். பிள்ளைகள் விரும்பிய நாளில் சேர்ந்துகொள்ளட்டும்.

ஓடும்வீடு எழுதியது:

நல்ல முடிவு. விண்ணப்பத்தோடு வீடியோ அனுப்பும்போது ஒரே கேமராவில், வெட்டாமல், கூட்டத்தின் சத்தத்தோடு எடுத்த முழு ஆட்டத்தை அனுப்புங்கள். பாட்டு சேர்த்து வெட்டி ஒட்டியதை யாரும் நம்புவதில்லை. நிழலான தங்குமிடம் வேண்டும் என்று முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள், வயலினுக்காக என்று சொல்லுங்கள், நடக்கும்.

பத்தாம்கியர் எழுதியது:

வாடகை டிரெய்லர் கையில் வந்ததும் டயரின் பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும், ஆனால் வயதாகியிருக்கும். ஆர்.வி. டயர் ஓடிச் சாவதைவிட நின்று சாவதுதான் அதிகம். ஆறு வருடத்துக்கு மேல் என்றால் வேறு கேளுங்கள். எல்லாச் சக்கரத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், உதிரிச் சக்கரத்தையும் சேர்த்து.